ரிக்கார்டு பாய் வீட்டு விசேஷம்

சேர்வராயன் மலையில் நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் போனவர். ஒரு கல்யாணத்துக்குக்கூட அழைக்கப்படாதவர். இந்த இரண்டு சாதனையையும் ஒரே ஆளாகச் செய்து காட்டியவர் ரிக்கார்டு பாய். அவருக்கு அத்தா, அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் ஏற்காடு பஜாரில் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்றுதான் சொல்லியிருப்பார்கள். சந்தேகமே வேண்டாம், பாயே அப்படிச் சொல்லக்கூடியவர்தான்.

அவர் ரேடியோ செட் வைத்திருந்தார். ஒரு ஆம்ப்ளிஃபயர், பாட்டுப் போடும் பெட்டி, மரத்தில் கட்ட இரண்டு குழாய் ஸ்பீக்கர், தகரப் பெட்டி நிறைய ரிக்கார்டுகள். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி, சர்ச் திருவிழா எதுவானாலும் விடிவதற்கு முன்னால் பாய் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். குழாய் பாடினால்தான் மலையில் விசேஷம் ஆரம்பித்ததாகக் கணக்கு. மூடுபனியில் யார் வீட்டுக்கு எந்தத் தடம் என்று யாருக்குத் தெரியும்? பாட்டு வருகிற திசையைப் பார்த்து நடந்தால் பந்தலில் போய் நிற்கலாம். கிளியூரானாலும் தலைச்சோலையானாலும் அதுதான் முறை.

அவரை அழைப்பது மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை. "பாய், புதங்கெழம நம்மூட்டுக் கல்யாணமுங்க, செட்டக் கட்டிப்போடுங்க" என்று வேலியோரம் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். வெற்றிலை பாக்கு கிடையாது, பத்திரிகை கிடையாது. செட்டு வந்தால் பாய் வந்த மாதிரிதானே! மேடைக்குப் பின்னால், சமையல் புகையில் உட்கார்ந்து பாட்டு மாற்றிக்கொண்டிருப்பார். ஊரெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு யாராவது ஒரு புண்ணியவானுக்கு நினைவு வந்து, "அட, செட்டுக்காரருக்கு எல போட்டாச்சா?" என்று கேட்பார். அதற்குள் பாயசம் தீர்ந்திருக்கும்.

"பாயசத்த நான் வாசனையிலதான் சார் சாப்புட்டிருக்கறேன்" என்பார் பாய்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு ஏற்காட்டுக்கு மாற்றல் வந்தது. சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. தஞ்சாவூர் வெயிலில் காய்ந்த உடம்பு, கல்யாணமாகாத கட்டை. அந்த மலையில் சாயங்காலம் என்பது எவ்வளவு நீளமானது என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆபீஸ் விட்டு வந்து கதவைச் சாத்தினால் ஜன்னலில் பனி, சுவரில் பல்லி. பல்லிகூடக் குளிருக்குப் பேசாது. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் எதிர்வீட்டிலிருந்து மப்ளர் சுற்றிய ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க சார், சும்மாத்தான இருக்கறீங்க? வாங்க, பாட்டுக் கேக்கலாம்."

எனக்குப் பாட்டு சுத்த சூனியம். பாடுவது ஆணா பெண்ணா என்பதற்கு மேல் ஒன்றும் பிடிபடாது. இருந்தாலும் போனேன். நான் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்ததும், பாய் கதவைத் திறந்து ஒரு தடவை வெளியே எட்டிப் பார்த்தார். அரை மணி கழித்து இன்னொரு தடவை.

"என்ன பாய், நாய் தூக்கிட்டுப் போயிடும்னு பயமா?"

"அதில்லீங்க. வாசல்ல செருப்புக் கெடந்தாத்தான் சார் ஊடு ஊடாட்ட இருக்குது."

எனக்குத் திடுக்கென்றது. பேச்சை மாற்ற, ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டேன். புத்திசாலித்தனமான மாற்றம்தான், போங்கள்!

"எங்கீங்க சார் தேதி கெடச்சுது? முகூர்த்த நாளெல்லாம் ஊர்க்காரங்க புக் பண்ணிப்போட்டாங்க. சர்ச்சுக் கல்யாணம் தனி. மிச்சம் மீதி நாள்ல நம்ம சனத்துக்கே கல்யாணம் வந்துருது. சரி, ஆடி மாசம் சும்மாத்தான இருக்கும்னு பாத்தா மாரியம்மன் நோம்பி! நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். வயசு போயிருச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு அறைக்குத் திரும்பிய பிறகு எனக்கு அது சிரிப்பாக இல்லை.

பாயிடம் மாட்டினால் ஒரு சட்டம் உண்டு. ரிக்கார்டின் ஒரு பக்கம் கேட்டால் மறுபக்கமும் கேட்டாக வேண்டும். பாதியில் எழுந்தால் ரிக்கார்டு மனசு விட்டுப்போகுமாம். ஒரு நாள் எங்கள் ஆபீஸ் பியூன் மூச்சிரைக்க ஓடி வந்து, "சார், சேலத்துலேர்ந்து பெரிய ஆபீசர் வந்திருக்காரு, உங்களக் கேக்கறாரு" என்றார். நான் எழுந்தேன். பாய் உதட்டில் விரலை வைத்து, "மறுபக்கம் பாக்கி இருக்குதுங்க" என்றார். பியூனும் உட்கார்ந்தார். கடைசியில் பெரிய ஆபீசரே எங்களைத் தேடிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார். அவரும் மறுபக்கம் கேட்டுவிட்டுத்தான் போனார்.

இப்படி இருக்கும்போது மலைக்குக் கேசட் வந்து சேர்ந்தது. மலைக்குக் கீழே ரேடியோ செட்டுக்காரர்கள் எல்லோரும் ரிக்கார்டுகளை எடைக்குப் போட்டார்கள். பாயும் வெளிவேலைக்கு ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினார். ரிக்கார்டுகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

"இவங்கெல்லாம் ரிட்டையர் ஆயிட்டாங்க சார். இந்த மலைக்கே பாடுனவங்க. தகரப் பெட்டியில போட்டு அடைச்சு வெக்கறது பாவமில்லீங்களா? நாலு பேரு பாக்கறாப்பல நிக்கட்டும்."

எஸ்டேட்டில் சாய்ந்த சில்வர் ஓக் மரத்தை அறுத்து, ஹாலின் ஒரு சுவர் முழுக்க அலமாரி அடித்தார். அடித்து முடித்த பிறகுதான் கட்டிலுக்கு இடமில்லை என்று தெரிந்தது. நீங்களும் நானும் என்றால் அலமாரியைக் கொஞ்சம் வெட்டுவோம். பாய் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டார். "படுத்தா வளைஞ்சிருவாங்க, சாஞ்சாக் கோணிருவாங்க. அவங்கதான் சார் நிக்கோணும். நான் எங்க வேணாப் படுத்துக்குவேன்" என்றார்.

ஏற்காட்டு ஈரத்தில் தோல் பை ஒரு வாரத்தில் பச்சை பூத்துவிடும். ரிக்கார்டு மட்டும் தப்புமா? பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் உறை தைத்தார். அலமாரிக்குக் கீழே, எட்ட வைத்து, ஓட்டை போட்ட டின்னுக்குள் பல்பு எரியவிட்டார். ராத்திரியும் பகலும் அது எரியும். பாய் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடப்பார். ரிக்கார்டுகள் கதகதப்பாக நிற்கும்.

அடுக்கும்போது நான் என் குமாஸ்தா புத்தியைக் காட்டினேன். "பாய், அகர வரிசையில வெச்சா எடுக்கறதுக்குச் சுலபமா இருக்குமே."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அகர வரிசையில எந்த ஊட்லீங்க கல்யாணம் நடக்குது?"

அவருடைய வரிசை ஒரு கல்யாண நாளின் வரிசை. அலமாரியின் இடது ஓரத்தில் விடியற்காலை, பக்திப் பாட்டுகள். அடுத்தது பொண்ணு மாப்பிள்ளை அழைப்பு. நடுத்தட்டில் தாலி கட்டு. அப்புறம் பந்தி, அதிலும் முதல் பந்திக்குத் துள்ளல் பாட்டு, கடைசிப் பந்திக்கு நிதானப் பாட்டு. வலது கோடியில் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது போடுகிற பாட்டுகள். அதைப் போட்டால் கல்நெஞ்சுக்காரனும் துண்டைத் தேடுவான். ஆக, ஒரு விசேஷமும் நடக்காத அந்த வீட்டில், சுவர் முழுக்க ஒரு கல்யாணம் நின்றுகொண்டிருந்தது.

நாலைந்து ரிக்கார்டுகள் மட்டும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றன.

"இவங்க என்ன தப்பு செஞ்சாங்க?"

"இந்தா இது குப்பனூர்ல தாலி கட்டறப்பச் சோகப் பாட்டப் பாடிப்போட்டுதுங்க. மாப்பிள்ளையோட மாமன் அரிவாளோட வந்துட்டான். நான் செட்டக்கூட எடுக்காம ஓடியாந்தேன்."

"அது ரிக்கார்டு தப்பா, போட்டவர் தப்பா?"

"உறையை மாத்தி உள்ள போயி உக்காந்துக்கிட்டது அதுதானுங்களே!" என்றார் பாய், கோபமாக.

அலமாரிக்கு மேலே ஒரு நீளச் சட்டம் அடித்து, அதில் ஒரே ஒரு ரிக்கார்டின் அட்டை உறையை மட்டும் முகம் தெரியச் சாய்த்து வைப்பார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு அடுத்ததை நிறுத்துவார். "இந்த வாரம் நீ வாசல்ல நில்லு கண்ணு. யாராச்சும் வந்தா வாங்கன்னு சொல்லோணும்" என்பார் அதனிடம். யாராச்சும் என்பது நான்தான். வேறு ஒருவரும் வந்து நான் பார்த்ததில்லை.

அடுக்கி முடித்த அன்றைக்குப் பாய் அலமாரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சார், ஒரு ஆசை இருக்குதுங்க. சிரிக்கக் கூடாது" என்றார்.

"சொல்லுங்க."

"நம்மூட்ல ஒரு விசேஷம் வெக்கோணும். இவங்க குடிவந்ததுக்கு. எல்லாரும் வரோணும். நான் வாசல்ல நின்னு 'வாங்க, வாங்க'ன்னு சொல்லோணும். எல்லா ஊட்லயும் யாரோ சொல்லறதக் கேட்டுக்கிட்டே மேடைக்குப் பின்னால உக்காந்திருந்துட்டேன் சார். ஒரு தடவ நான் சொல்லிப் பாக்கோணும்."

நான் சிரிக்கவில்லை.

காப்பிப் பழம் பறிப்பு முடிந்து ஜனங்கள் கொஞ்சம் ஓய்வாக இருந்த சமயம். பாய் ஒரு பெரிய எல்.பி. ரிக்கார்டின் உறை மேல் வெற்றிலை பாக்கை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். அழைப்பு எப்படி வைக்க வேண்டும் என்று அத்தனை வருஷம் தூரத்திலிருந்து பார்த்தவர் அல்லவா, ஒரு குறை வைக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம நம்மூட்ல விசேஷமுங்க. குடும்பத்தோட வந்துரோணும்."

"என்ன விசேஷமுங்க பாய்? கல்யாணமுங்களா?" என்று கேட்டவர்கள் கண்ணில் ஓர் ஆவல்.

"இல்லீங்க. ரிக்கார்டெல்லாம் குடி வந்திருக்குதுங்க."

கேட்டவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் வெற்றிலையை எடுத்துக்கொண்டார்கள். "வந்தர்றமுங்க பாய்" என்றார்கள்.

ஒரு விஷயத்தில் பாய் பிடிவாதமாக இருந்தார். குழாய் கட்டக் கூடாது. "குழாயில யாரு பாடுனாலும் சளி புடிச்சாப்பலதான் சார் கேக்கும். இவங்க நெசக் குரலு எப்புடின்னு இந்த மலையில ஒருத்தருக்கும் தெரியாது. அன்னிக்கு உள்ள உக்காத்தி வெச்சு, மரப்பெட்டி ஸ்பீக்கர்ல மெதுவாக் கேக்க வெக்கறேன் பாருங்க!" நியாயமாகத்தான் பட்டது. நானும் தலையாட்டினேன். எனக்கு அந்த மலையைப் பற்றி என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அண்டா நிறைய நெய்ச்சோறு, தாளிச்சா, பாயசம். பஜாரிலிருந்து கொண்டுவந்த நாற்காலிகள். பாய் வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி, அத்தர் வாசனையோடு வாசலில் நின்றார். என்னைப் பார்த்ததும், "வாங்க, வாங்க, வாங்க!" என்றாரே பார்க்கலாம். ஒரு பஸ் நிறைய ஆள் வந்தால் சொல்ல வேண்டியதை எனக்கு ஒருவனுக்கே சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

"பஸ்ஸு லேட்டாட்ட இருக்குது" என்றார் பாய். கிளியூர்க்காரர்கள் எந்தக் காலத்தில் பஸ்ஸில் வந்தார்கள்? உள்ளே மரப்பெட்டியில் விடியற்காலைப் பாட்டு மெதுவாக ஓடி முடிந்தது. பாய் போய் மாற்றிவிட்டு மறுபடி வாசலுக்கு வந்தார். "குப்பனூர் ரோட்ல மரம் உழுந்திருக்கும்" என்றார். மறுபடி உள்ளே போனார், வந்தார். மூடுபனி வாசல் வழியாக உள்ளே வந்து நாற்காலிகளுக்கு நடுவே நின்றது. பனிக்குக்கூட அழைப்பு வேண்டியிருக்கவில்லை, மனுஷருக்கு என்ன கேடு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பொழுது ஏறியும் அதே கதை. பாய் ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு ஊட்டு விசேஷத்துக்கும் நான் போயிருக்கறேன் சார். கூப்புடாமயே போயிருக்கறேன். நான் கூப்புட்டும் வரலீங்களே."

ஊரில் எனக்கு அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள், லீவு போட்டால் போய்விழ ஒரு வீடு இருந்தது. இந்த மனுஷருக்கு இந்தச் சுவர்தான். பாய் எழுந்து போய், சட்டத்தில் நின்ற அந்த வாரத்து ரிக்கார்டு உறையை எடுத்தார். "போதும் கண்ணு, உள்ள வா. நொம்ப நேரம் நின்னுட்ட" என்று சொல்லி அலமாரிக்குள் வைத்தார்.

அப்போதுதான் வாசலில் ஒரு சத்தம். கிளியூரிலிருந்து தினமும் பாய்க்குப் பால் ஊற்றுகிற பொன்னி அக்கா. பட்டுச் சேலை, தலை நிறைய டிசம்பர் பூ, முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கிற கோபம்.

"ஏனுங்க பாய், விசேஷம் இருக்குதா இல்லீங்களா? விடியறதுக்கு முந்தியே தண்ணி வாத்துச் சேலை கட்டி ஒக்காந்திருக்கறோம். புள்ளைங்க பசியில அழுவுது. பாய் ஊட்ல பந்தின்னு ஒருத்தரும் அடுப்புப் பத்த வெக்கல. செட்டு பாடவே காணமே!"

"செட்டா?" என்றார் பாய்.

"பின்ன? செட்டு பாடாத ஊட்டுக்கு எப்புடிங்க வாரது? சோத்துக்குப் பறந்துக்கிட்டு முன்னாடியே வந்துட்டாங்கன்னு பேசமாட்டாங்களா? உங்களுக்கு மேலுக்கு முடியலயோன்னு நான் ஒருத்திதான் மனசு கேக்காம வந்தேன். தலைச்சோலைக்காரங்கெல்லாம் காலையிலிருந்து காதைத் தீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கறாங்களாம்!"

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அட ஆண்டவனே! செட்டு பாடுனாத்தான் கெளம்போணும்னு இந்த மலையவே பழக்குனது நான்தானுங்களே சார்!"

அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி மரம் ஏறி நான் பார்த்ததில்லை. வாசல் சில்வர் ஓக்கில் குழாயைக் கட்டினார். பின்கட்டில் ஆம்ப்ளிஃபயரையும் பாட்டுப் பெட்டியையும் போட்டு, இடது ஓரத்து முதல் ரிக்கார்டை வைத்தார். உச்சி வேளையில் விடியற்காலைப் பக்திப் பாட்டு மலை முழுக்கச் சளி பிடித்த குரலில் முழங்கியது. பாதிப் பாட்டு போவதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. அப்புறம் பனிக்குள்ளிருந்து பட்டுச் சேலைகள் வந்தன, மடிப்புக் கலையாத வேட்டிகள் வந்தன, குழந்தைகள் வந்தன. பஜார்க் கடைக்காரர்கள் கடையைச் சாத்திவிட்டு வந்தார்கள். வாசல் கொள்ளாத செருப்பு.

வந்தவர்கள் அலமாரியைப் பார்த்து வாய் பிளந்தார்கள். "பாய் எங்கீங்க?" என்று ஒருவர் கேட்டார். "செட்டுக்கிட்ட இருப்பாருங்க" என்றார் இன்னொருவர். அதோடு பேச்சு முடிந்தது. எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. பின்கட்டுக்குப் போனேன். தன் வீட்டு விசேஷத்திலும் சமையல் புகைக்குள் உட்கார்ந்து, அன்றைக்கு வேண்டிய ரிக்கார்டுகளை அலமாரி வரிசையிலேயே பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு பாட்டு மாற்றிக்கொண்டிருந்தார் பாய்.

"பாய், எழுந்திருங்க. வாசலுக்குப் போங்க."

"ரிக்கார்ட யாருங்க மாத்தறது?"

"நான் மாத்தறேன்."

அதுவரை அந்த ரிக்கார்டுகளை அவர் யாரையும் தொடவிட்டதில்லை. என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கையைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"கையக் கழுவிட்டு வாங்க" என்றார்.

கழுவிக்கொண்டு வந்தேன்.

"நல்லாத் தொடைங்க. ஓரத்தத்தான் புடிக்கோணும். நடுவுல வெரல் பட்டுச்சுன்னா…"

"படாது பாய்."

"இடதுலிருந்து வலது. கல்யாணத்த முன்னப் பின்ன ஆக்கிப்போடாதீங்க."

"போங்க பாய்!"

போனார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. "வாங்க, வாங்க! வாங்க பொன்னிக்கா! ஏனுங்க, புள்ளைய எறக்கி உடுங்க, வாங்க! பாயசம் இருக்குதுங்க, நெறையா இருக்குது, வாங்க!" சாப்பிட்டு எழுந்தவர்களையும் திரும்ப வாங்க வாங்க என்றார். யாரும் மறுக்கவில்லை, இரண்டாவது தடவையும் உட்கார்ந்தார்கள்.

அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்ததில் நான் கோட்டை விட்டுவிட்டேன். முதல் பந்திப் பாட்டுக்குப் பதிலாக வலது கோடியிலிருந்து உருவிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. பந்தியில் உட்கார்ந்திருந்த பெண்கள் நெய்ச்சோற்றில் கை வைத்தபடி மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார்கள். வாசலிலிருந்து ஓர் அலறல் வந்தது.

"சாரே! பொண்ண அதுக்குள்ள அனுப்பாதீங்க! இன்னும் சாப்புடவே இல்ல!"

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, பாய் ஒவ்வொரு ரிக்கார்டாகத் துடைத்து அதனதன் இடத்தில் நிறுத்தினார். நான் போட்டுக் கெடுத்ததை மட்டும் முதுகைக் காட்டச் சுவர் பார்க்க வைத்தார். பிறகு கதவைத் திறந்து வாசலைப் பார்த்தார்.

"எத்தன செருப்புக் கெடந்துச்சு, பாத்தீங்களா சார்?"

"பார்த்தேன் பாய்."

"இப்பப் பாருங்க, ஒரே ஒரு ஜோடிதான் பாக்கி. உங்களுது."

மறுநாளிலிருந்து பழையபடிதான். யாரும் பாட்டுக் கேட்க வரவில்லை. ஊர் கெட்டது என்று சொல்லமாட்டேன். அவரவருக்குக் காடு, கடை, பிள்ளை குட்டி. நான் மட்டும் சாயங்காலம் போவேன். எதுவும் புரியாமல் இரண்டு பக்கமும் கேட்பேன். பாய் இரண்டு தடவை கதவைத் திறந்து வாசலைப் பார்ப்பார்.

எனக்கு மாற்றல் உத்தரவு வந்த செய்தியைச் சொன்ன அன்றைக்குப் பாய் மூன்றாவது தடவையும் கதவைத் திறந்து வாசலைப் பார்த்தார். கிளம்புகிற அன்றைக்கு, பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன். வலது கோடியிலிருந்து ஒரு ரிக்கார்டை எடுத்துப் போட்டார். பெண்ணை அனுப்பும்போது போடுகிற பாட்டு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுபக்கமும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

"உள்ளயே இருங்க பாய், வெளியே பனி" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, பெட்டியிலிருந்த ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். செருப்பை அவர் வாசலிலேயே விட்டுவிட்டேன். எட்டிப் பார்த்தால் ஒரு ஜோடியாவது கிடக்கட்டும்.